எழுதிய தாள் யாரிடம் நிற்க வேண்டும்? டிஜிட்டல் பேனா வாங்குமுன் ஓர் ஒப்பீடு

கையால் எழுதியதைக் கணினிக்குள் கொண்டுபோக இன்று ஐந்து வழிகள் கிடைக்கின்றன. சாதாரணத் தாளில் எழுதிக் கைபேசியிலோ ஸ்கேனரிலோ படமெடுப்பது. துடைத்துத் துடைத்து எழுதும் நோட்டு. தாளுக்கு அடியில் வைக்கும் மின்பலகை. புள்ளி அச்சிட்ட தாளும் கேமரா பேனாவும். தாளே இல்லாத டேப்லெட். கடைக்காரர் பேனாவின் எடை, பேட்டரி, நினைவகம் என்று அடுக்குவார். அவை பிறகு பார்க்க வேண்டியவை. எழுதி முடித்த தாள் யாரிடம் நிற்க வேண்டும், எழுதியதில் எந்தப் பகுதி எவ்வளவு சீக்கிரம் அட்டவணைக்குள் வர வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால் ஐந்தில் மூன்று தாமாகவே கழன்றுவிடும்.

தாள் மாலையில் அலுவலகம் திரும்புகிறதா?

லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பத்து மெக்கானிக்குகள், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு சர்வீஸ் ரிப்போர்ட், மொத்தம் 80 தாள். ஒன்றைத் தட்டச்சு செய்ய மூன்று நிமிடம் என்றால் தினமும் நான்கு மணி நேரம் அதற்கே போகிறது. இந்த நான்கு மணி நேரத்தை மிச்சப்படுத்தத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் டிஜிட்டல் பேனாவைத் தேடுகின்றன.

மெக்கானிக்குகள் மாலையில் எப்படியும் அலுவலகம் வருகிறார்கள், தாள்களும் கூடவே வருகின்றன என்றால் பேனாவை மறந்துவிடலாம். நிமிடத்துக்கு 20, 30 தாள் தானாக இழுக்கும் மேசை ஸ்கேனர், 80 தாளையும் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), சாம்பல் நிறத்தில் எடுத்தால் போதும். டிக் குறியையும் எண்களையும் படிக்கும் மென்பொருள் ஸ்கேன் படத்திலும் வேலை செய்யும். ஸ்கேனர் தேவைப்பட்ட இடத்தில் பேனா வாங்குவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் வீண் செலவு.

ஆட்கள் குறைவு, தாளும் குறைவு என்றால் கைபேசியே போதும். ஸ்கேன் செயலியில் ஒரு தாளுக்கு அரை நிமிடம் ஆகும். எட்டுத் தாளுக்கு நான்கு நிமிடம். கெடுவது தொழில்நுட்பத்தால் அல்ல, பழக்கத்தால். படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் புகைப்படமாகப் போடுகிறார்கள்; அது படத்தைச் சுருக்கிவிடுவதால் சிறிய எழுத்தும் கார்பன் நகலின் மங்கல் எழுத்தும் அழிந்துபோகும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. கோப்புப் பெயரில் தேதியும் வேலை எண்ணும் வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து ஒரு ரிப்போர்ட்டைத் தேடுவது பெரும்பாடு.

பேனாவுக்கு உண்மையான வேலை வருவது மூன்று நிலைமைகளில். தாள் வாடிக்கையாளரிடமே நின்றுவிட வேண்டும். அல்லது அதில் எழுதியது அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும். அல்லது எந்த வரி எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பது முக்கியம்.

புள்ளித் தாள் வேலை செய்யும் விதம்

இந்த முறையை வணிகத்துக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கிய அனோட்டோ நிறுவனம். 0.3 மி.மீ. இடைவெளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டவலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு நுண்புள்ளி உண்டு. அது சந்திப்பின் நடுவில் நிற்காது. மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கில் ஒரு பக்கமாகச் சற்றே விலகி நிற்கும். நான்கு திசை என்பதால் ஒரு புள்ளி இரண்டு பிட் தகவலைச் சுமக்கிறது. ஆறுக்கு ஆறு புள்ளிகள் கொண்ட 1.8 மி.மீ. சதுரத்தில் 72 பிட் சேர்ந்துவிடும். அவ்வளவு சிறிய இடத்தைப் பார்த்தாலே இது எந்தத் தாள், தாளில் எந்த இடம் என்று சொல்லிவிடலாம். நம் கண்ணுக்கு அந்தத் தாள் லேசாகச் சாம்பல் பூத்தது போலத் தெரியும், அவ்வளவுதான்.

பேனாவின் முனைக்குப் பக்கத்தில் ஒரு அகச்சிவப்பு விளக்கும் சிறு கேமராவும் இருக்கின்றன. முனை தாளில் அழுந்தியதும் கேமரா விழித்துக்கொண்டு நொடிக்கு 70-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கிறது. அது பார்ப்பது உங்கள் எழுத்தை அல்ல, புள்ளிகளை. தான் இருக்கும் இடத்தை வரிசையாகக் குறித்துக்கொண்டே போகிறது. அந்த இடங்களைக் கோடாக இணைத்தால் உங்கள் கையெழுத்து வருகிறது. அதனால் ரீஃபில் தீர்ந்த பேனாவும் பதிவு செய்யும், தாளில்தான் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு கோட்டுக்கும் நேரமும் பதிவாகும்.

லாஜிடெக் 2002-இல் வெளியிட்ட ஐ.ஓ. பேனா, லைவ்ஸ்க்ரைப் 2008-இல் கொண்டுவந்த பல்ஸ் இரண்டும் அனோட்டோ புள்ளிகளில் ஓடியவை. கொரியாவின் நியோலேப், என்கோட் என்ற தன் சொந்தப் புள்ளி முறையில் 2014-இல் நியோ என்2 பேனாவைக் கொண்டுவந்தது. ஒரு முறையின் பேனா இன்னொன்றின் நோட்டில் ஓடாது. பேனாவை மலிவாகப் பிடித்துவிட்டு, நோட்டு எங்கே கிடைக்கும் என்று பிறகு அலைவது இதனால்தான்.

கேமரா அகச்சிவப்பில் பார்ப்பதுதான் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம். கார்பன் கலந்த கறுப்பு அகச்சிவப்பை உறிஞ்சும். கேமராவுக்கு அது கருமையாகத் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள் மைகள் அதற்குத் தெரிவதே இல்லை. எனவே புள்ளிகள் கார்பன் கறுப்பில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் கார்பன் இல்லாமல் இருக்க வேண்டும். கறுப்பு ஜெல் மை பலவற்றில் கார்பன் உண்டு. அதில் அழுத்தி எழுதிய வரியின் மேல் திருத்தி எழுதினால் பேனா குழம்பும். பென்சில் கோட்டுக்கும் இதே கதி. ஒயிட்னர் பூசிய இடத்தில் புள்ளிகள் மூடிப்போவதால் அங்கே எழுதுவது எதுவும் பதிவாகாது. அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். லேமினேட் செய்த தாள் விளக்கொளியைத் திருப்பி அடிக்கும். ரீஃபில் பெரும்பாலும் டி1 என்ற அளவு, 67 மி.மீ. நீளம், பல வண்ணப் பேனாக்களுக்குள் இருக்கும் மெல்லிய உலோக ரீஃபில்தான் அது. வெளியில் வாங்கலாம், பால்பாயின்ட் மையாகப் பார்த்து வாங்குங்கள்.

பிடிக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். முனைக்கு மிக அருகில் விரல் வைத்துப் பிடிப்பவர்கள் கேமராவின் கண்ணை மறைத்துவிடுகிறார்கள். பத்துப் பேரில் ஓரிருவர் இப்படி இருப்பார்கள். அவர்களுடைய தாளில் எழுத்து முழுதாக இருக்கும், கணினியில் பாதி வார்த்தைகள் விட்டுப்போயிருக்கும்.

படிவத்தை அச்சிடுவதில்தான் வேலை

நோட்டுப் புத்தகமாக வாங்கி எழுதுகிறவருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. நிறுவனப் படிவம் என்றால் இங்கேதான் நேரமும் பணமும் போகும்.

படிவத்தின் கோடுகள், தலைப்புகள், லோகோ எல்லாவற்றையும் கறுப்பு நீக்கிய மூன்று வண்ணங்களில் வடிவமைக்க வேண்டும்; புள்ளி மட்டும் கறுப்பில். வடிவமைப்பாளர் சரியாகச் செய்து தந்தாலும், சாம்பல் நிறக் கட்டங்களை அச்சுப்பொறியின் மென்பொருள் தானாகக் கறுப்பு டோனருக்கு மாற்றிவிடுவது உண்டு. கட்டத்துக்குள் எழுதினால் பதிவாகிறது, கட்டக்கோட்டின் மேல் எழுத்து ஏறினால் விட்டுப்போகிறது என்ற புகார் வந்தால் இதுதான் காரணம். வண்ண லேசர் அச்சுப்பொறி, குறைந்தது 600 டிபிஐ, டோனர் சிக்கனம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், அளவு சரியாக 100 சதவீதம். தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கு என்ற தேர்வு 97 சதவீதமாக்கிவிட்டால் புள்ளிகளின் இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். இங்க்ஜெட்டில் புள்ளி ஊறிப் பரவும். அதன் கறுப்பு மை பலவற்றில் அகச்சிவப்புக்கும் தெரியாது.

ஜெராக்ஸ் எடுப்பது தனிப் பாவம். படிவம் தீர்ந்துபோன நாளில் கிளை அலுவலகத்தில் யாராவது கட்டாயம் எடுப்பார்கள். புள்ளிகள் சிதைந்தால் எதுவும் பதிவாகாது, அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். நகல் நன்றாக வந்துவிட்டால்தான் ஆபத்து: இரண்டு தாளுக்கும் ஒரே முகவரி ஆகிவிடும், இரண்டு வாடிக்கையாளரின் எழுத்தும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

ஜெராக்ஸ் இல்லாமலும் இதே சிக்கல் வரலாம். ஆப்செட்டில் ஒரே தகட்டில் ஆயிரம் படிவம் அடித்தால் ஆயிரத்துக்கும் ஒரே புள்ளிக்கோலம்தான். அப்படிப்பட்ட படிவத்தில் ‘அனுப்பு’ என்று ஒரு கட்டம் வைப்பார்கள். எழுதி முடித்து அதில் டிக் செய்ததும் அதுவரை எழுதியது ஒரு படிவமாகப் பிரிந்துவிடும். மெக்கானிக் டிக் செய்ய மறந்தால் அடுத்த வீட்டு விவரமும் அதனுடன் சேரும். ஒவ்வொரு தாளுக்கும் தனிக்கோலம் அச்சிடுவது செலவு கூடிய, ஆனால் நிம்மதியான வழி. நாளுக்கு நூறு படிவத்துக்குள் என்றால் அலுவலகத்து வண்ண லேசரிலேயே தனிக்கோலம் அடித்துவிடலாம். ஆயிரக்கணக்கில் என்றால் ஒரே கோலத்தை ஆப்செட்டில் அடித்து, ‘அனுப்பு’ கட்டத்தைக் கையொப்பக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கையொப்பம் வாங்காமல் யாரும் கிளம்புவதில்லை.

நோட்டு வாங்குகிறவருக்கும் இதன் சிறு வடிவம் உண்டு. லைவ்ஸ்க்ரைப் நோட்டுகளுக்கு எண் இருக்கும். ஒன்றாம் எண் நோட்டு தீர்ந்து, இன்னொரு ஒன்றாம் எண் நோட்டைத் தொடங்குமுன் பழையதைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பக்கங்களின் மேலேயே புதியவை விழும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றால் மேல்தாளில் மட்டும் புள்ளி அச்சிட்ட, கார்பன் தாள் வைக்காமலே அடியில் நகல் விழும் கார்பன்லெஸ் புத்தகம் நன்றாக ஓடும். பேனா பால்பாயின்ட் என்பதால் அழுத்தம் அடித்தாள் வரை போகும். பில் புத்தகத்துக்குப் பழகிய கைக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படாது. இந்த முறையின் மிகப் பெரிய பலம் அதுதான்.

மருத்துவப் படிவத்தில் இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நைரோபி ஒரு நல்ல உதாரணம். பிரசவ வலி கண்ட பெண்ணின் நிலையை நேரவாரியாகக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் புள்ளி அச்சிட்டு, லைவ்ஸ்க்ரைப் பேனாவை வைத்து பார்ட்டோபென் என்ற முயற்சி அங்கே நடந்தது. செவிலியர் குறிப்பதைப் பேனாவே கணித்து, அடுத்த பரிசோதனைக்கு நேரமாகிவிட்டால் ஒலியெழுப்பி நினைவூட்டும். தாள் அதே தாள், எழுதும் முறை அதே முறை.

தமிழ்க் கையெழுத்தை எழுத்துருவாக்க முடியுமா?

முடியும், ஆனால் அதை நம்பிப் படிவம் வடிவமைக்கக் கூடாது. கையெழுத்தை அறிவதில் இரண்டு வகை. படத்தை மட்டும் பார்த்துப் படிப்பது ஒன்று. கோடுகள் எந்த வரிசையில், எந்தத் திசையில் போடப்பட்டன என்பதையும் சேர்த்துப் படிப்பது இன்னொன்று. பேனாவும் டேப்லெட்டும் இரண்டாவதற்கான தகவலைத் தரும், ஸ்கேனர் தராது. ஆங்கிலத்திலும் எண்களிலும் இது பெரிய அனுகூலம். தமிழில் கோட்டு வரிசை ஆளுக்கு ஆள் மாறுகிறது: ‘கொ’ எழுதும்போது கொம்பை முதலில் போடுபவரும் உண்டு, ககரத்தை எழுதிவிட்டுத் திரும்பி வந்து கொம்பு போடுபவரும் உண்டு. வேகமாக எழுதுகிறவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியை வார்த்தை முழுவதும் முடிந்த பிறகே வைப்பார்கள், சிலர் வைப்பதே இல்லை.

247 எழுத்தையும் தனித்தனியே கற்பிக்க வேண்டியதில்லை; கொம்பும் காலும் தனிக்குறிகள் என்பதால் வகைகள் குறையும். எச்.பி. ஆய்வகம் பெங்களூரிலும் சேலத்திலும் பள்ளி மாணவர்கள் முதல் பெரியவர்கள் வரை எழுதவைத்துச் சேகரித்த தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பில் 156 வகைகள் இருக்கின்றன. 2006-இல் நடந்த ஒரு சர்வதேச அறிதல் போட்டிக்கு அதுவே அடித்தளம். கூகுள் 2015-இல் 82 மொழிகளுக்கு வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டிலும் தமிழ் இருந்தது. தனி எழுத்து, தனி வார்த்தை அளவில் இவை நன்றாகவே படிக்கும். வரி வரியாக, தமிழும் ஆங்கிலமும் எண்ணும் கலந்து, படிக்கட்டில் நின்று கிறுக்கிய ரிப்போர்ட் வேறு விஷயம்.

ஆகவே படிவத்தில் எதையெல்லாம் டிக் குறியாகவும் எண்ணாகவும் மாற்ற முடியுமோ அதையெல்லாம் மாற்றிவிடுங்கள். எண்ணுக்கு ஒவ்வொன்றாக 6 மி.மீ. அகலக் கட்டம் போதும். தமிழ் எழுத வேண்டிய இடத்தில் கட்டம் போடவே கூடாது, ‘ணை’க்கும் ‘ர’வுக்கும் ஒரே அகலம் ஒத்துவராது, திறந்த வரியாக விட்டு, படமாகவே சேமியுங்கள். ‘மோட்டார் சத்தம்’, ‘கதவு சிக்குகிறது’ போன்று அடிக்கடி வரும் பத்துப் பதினைந்து குறைகளை டிக் பட்டியலாக்கினாலே தட்டச்சு வேலையில் பெரும்பகுதி போய்விடும். மேலே சொன்ன 80 தாளில், ஒவ்வொன்றையும் 40 நொடி சரிபார்த்தால் நான்கு மணி நேர வேலை ஒரு மணிக்குள் அடங்கும். சரிபார்ப்பையே எடுத்துவிடலாம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். 1-ம் 7-ம், 0-வும் 6-ம் மாறுவது எந்த முறையிலும் முழுதாக நிற்கவில்லை.

மற்ற மூன்றும்

துடைத்து எழுதும் நோட்டு வகையில் ராக்கெட்புக் பெயர்பெற்றது. பிளாஸ்டிக் தன்மையுள்ள தாளில் பைலட் நிறுவனத்தின் ஃப்ரிக்ஸன் பேனாவால் எழுதி, கைபேசியில் படமெடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மை காய ஏறக்குறைய 15 நொடி ஆகும். அதற்குள் கை பட்டால் தீற்றிவிடும். கூட்டக் குறிப்பு, வீட்டுப்பாடக் கணக்கு, வரைவு எல்லாவற்றுக்கும் இது மலிவும் போதுமானதும். ஆனால் ஃப்ரிக்ஸன் மை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் நிறமிழக்கும். சித்திரை வெயிலில் காரின் டேஷ்போர்டு மேல் வைத்த நோட்டு வெள்ளையாகிவிடலாம். உறைநிலைக்கு வெகு கீழே, மைனஸ் 10 முதல் 20 டிகிரி குளிரில் வைத்தால் எழுத்து திரும்பி வரும் என்பது ஒரு வேடிக்கை. இந்தப் பேனாவால் காசோலையும் கையொப்பமும் போடவே கூடாது.

மின்பலகையில் எந்தத் தாளும் ஓடும். வாகொம் நிறுவனத்தின் பாம்பூ ஸ்லேட் இந்த வகை: பலகையின் காந்தப்புலமே பேனாவுக்கு ஆற்றல் தருவதால் பேனாவில் பேட்டரி கிடையாது, சுமார் 8 மி.மீ. தடிமன் வரை தாளடுக்கு வைக்கலாம். பலகைக்குத் தாள் எது என்று தெரியாது. பக்கத்தைத் திருப்பியதும் பொத்தானை அழுத்த வேண்டும், மறந்தால் இரண்டு பக்கமும் கலந்துவிடும். நடுவில் தாள் நகர்ந்தால் எழுத்தும் நகரும். ஓரிடத்தில் உட்கார்ந்து வரைபவருக்கு அருமை. நின்றுகொண்டு எழுதும் களப்பணியாளருக்கு ஒத்துவராது.

டேப்லெட்டில் தாள் செலவே இல்லை, கட்டாயப் புலத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது, தவறைப் பிடிப்பதில் மற்ற நான்கையும் விட மேல். தாளை யாரிடமும் விட்டுவர வேண்டாம் என்றால் இதையே எடுங்கள். வெயிலில் ரீமார்க்கபிள், கிண்டில் ஸ்க்ரைப் போன்ற மின்மைத் திரை (இ-இங்க்) நன்றாகத் தெரியும். ஆனால் அவை குறிப்பேடுகள், படிவச் செயலி ஓட்டுவதற்கானவை அல்ல. படிவத்துக்கு ஆண்ட்ராய்டோ ஐபேடோதான், அவற்றுக்கு நிழல் வேண்டும், தினமும் சார்ஜ் வேண்டும்.

ஒலியும் கையொப்பமும்

வகுப்பில் குறிப்பெடுக்க மட்டும் என்றால் ஒலியோடு இணைந்த பேனாவுக்கு நிகர் இல்லை. லைவ்ஸ்க்ரைப் எக்கோவில் தாளின் அடியில் அச்சிட்டிருக்கும் பதிவுக் குறியைத் தொட்டு எழுதத் தொடங்கினால், பிறகு எந்த வார்த்தையைத் தொட்டாலும் அதை எழுதியபோது ஆசிரியர் பேசியது கேட்கும். எழுதுவதில் சிரமமுள்ள மாணவர்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதைத் தந்து உதவியிருக்கின்றன. அலுவலகக் கூட்டத்தில் மற்றவர்களிடம் சொல்லாமல் ஓட்ட வேண்டாம்.

கையொப்ப விஷயத்தில் குழப்பம் அதிகம். கேமரா பேனாவால் போட்ட கையொப்பம், 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் ஆகாது; டிஜிட்டல் கையொப்பம் என்பது கணினி மறையாக்கத்தால் (என்கிரிப்ஷன்) உருவாவது. தாளில் இருக்கும் மைக்கையொப்பம்தான் மூலம், கணினியில் இருப்பது அதன் பதிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின்படி மின்பதிவை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். மூலத்தாள் கையில் இருக்கும் முறைக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு, ஆனால் தாளை வாடிக்கையாளரிடம் விட்டுவந்தால் அந்த அனுகூலம் அவருடையது. கையொப்பம் பிறகு தகராறாகக் கூடிய தொழிலில் கார்பன்லெஸ் புத்தகத்தின் மேல்தாளை நீங்கள் வைத்துக்கொண்டு அடித்தாளைக் கொடுங்கள்.

பணம் கட்டுமுன்

பேனா விலை ஒருமுறை. புள்ளித் தாள், மென்பொருளின் மாதக் கட்டணம், சரிபார்ப்பவரின் நேரம் மூன்றும் தொடர்ந்து வரும். மூன்று ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பல நிறுவனங்களுக்குப் பேனா அதில் சிறிய தொகையாகவே இருக்கும். இந்தத் துறையில் நிறுவனங்கள் கைமாறுவதும் உண்டு: லைவ்ஸ்க்ரைப்பை 2015-இல் அனோட்டோ வாங்கியது. லைவ்ஸ்க்ரைப் 2012-இல் விட்ட ஸ்கை பேனா, குறிப்புகளை எவர்நோட் என்ற குறிப்புச் செயலிக்கே அனுப்பும்படி கட்டப்பட்டிருந்தது. செயலியின் ஆதரவு நின்றால் பேனா வெறும் பால்பாயின்ட். எனவே பக்கங்களை பி.டி.எஃப். ஆகவும், கோடுகளை எஸ்.வி.ஜி. அல்லது இங்க்-எம்.எல். என்ற பொதுக் கோப்பு வடிவங்களாகவும் வெளியே எடுக்க முடிகிறதா, இணையம் இல்லாமல் பேனாவிலிருந்து நேரே கணினிக்கு வருகிறதா என்று வாங்குமுன் செய்துகாட்டச் சொல்லுங்கள். நியோ பேனாக்களுக்கு நிரல் எழுதத் தேவையான கருவித்தொகுப்பை நிறுவனமே பொதுவில் வைத்திருக்கிறது; சொந்த நிரலாளர் இருக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய காரணம்.

சோதனைக்கு இரண்டு பேனா, உங்கள் உண்மையான படிவத்தில் நூறு தாள் போதும். பேனாக்களை நன்றாக எழுதுபவரிடம் கொடுக்காதீர்கள். கையெழுத்து மோசமானவரிடம் ஒன்று, முனையருகே பிடித்து எழுதுபவரிடம் ஒன்று. ஒரு நாள் பேட்டரியை முழுதாக வடியவிட்டு, மறுபடி சார்ஜ் செய்து, எழுதிய நேரம் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். சில பேனாக்களில் கைபேசியோடு மறுபடி இணையும் வரை கடிகாரம் தவறாகவே ஓடும். ஒரு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மறுநாள் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றின் மேல் டீ சிந்தவிடுங்கள். பேனா தொலைந்தால் அதற்குள் இருக்கும் பக்கங்களைக் கடவுச்சொல் இல்லாமல் இன்னொரு கைபேசி இறக்கிக்கொள்கிறதா என்பதையும் அதே வாரத்தில் முயன்று பார்த்துவிட வேண்டும்.